பிள்ளைக்காகக் காத்திருப்போர் இரண்டாவது வைத்தியரிடம் போகும்போது

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் சித்தியின் மகள் ஒரு மாலைப்பொழுதில் இரண்டு இரத்தப் பரிசோதனைத் துண்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அழுது அழுது அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன. முதல் துண்டில் தாய்ப்பால் சுரக்கச் செய்யும் ஓமோனான புரோலக்டின் 25 என்றும், ஆறு மாதம் கழித்து வேறோர் ஆய்வுகூடத்தில் எடுத்த இரண்டாவது துண்டில் 530 என்றும் இருந்தது. “அக்கா, இருபது மடங்கு கூடிப்போச்சு, மூளைக்குள்ள கட்டியா இருக்குமெண்டு சொல்றாங்க” என்றாள். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்த அலகை அதுவரை எவரும் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. முதலாவது மில்லிலீற்றருக்கு நனோகிராம் கணக்கில் இருந்தது. இரண்டாவது லீற்றருக்கு மில்லி சர்வதேச அலகுக் கணக்கில் இருந்தது. முதலாவதை 21.2 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 25 ஐப் பெருக்கிப் பார்த்தோம், 530 வந்தது. அந்த ஆறு மாதத்தில் அவளுடைய புரோலக்டின் அளவில் எந்த மாற்றமும் ஏற்பட்டிருக்கவில்லை.

இரண்டாவது வைத்திய அபிப்பிராயம் என்றதும் கொழும்பில் பெயர்பெற்ற ஒருவரைத் தேடிப் போவதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஏற்கெனவே செய்த பரிசோதனைகள் அனைத்தையும் ஒன்றாக அடுக்கி, சரியான அறிவுள்ள ஒருவரை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் செய்வதுதான் அதன் உண்மையான பயன். அதற்கு நாம் செய்துகொண்டு போக வேண்டிய ஆயத்தத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில், யார் போக வேண்டும் என்பதைப் பார்ப்போம். கருத்தடை எதுவுமின்றி ஒழுங்காக உறவு கொண்டும் 12 மாதங்களில் கருத்தரிக்காவிட்டால் அதைக் குழந்தைப்பேறின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பெண்ணின் வயது 35 ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வைத்தியரிடம் போய்விட வேண்டும்; 40 ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கவே கூடாது. மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருகிறவர்களும், மாதக்கணக்கில் வராமலே இருப்பவர்களும், மாதவிடாயின்போது படுக்கையில் விழும் அளவுக்கு வலி உள்ளவர்களும் வயதைப் பாராமல் முன்கூட்டியே போகலாம். இவையெல்லாம் முதல் வைத்தியரிடம் போவதற்கான கணக்கு. இரண்டாவது வைத்தியரை நாட வேண்டிய நிலைகள் வேறு.

மனைவிக்கு ஒன்றன்பின் ஒன்றாக மருந்து கொடுக்கப்பட்டும் கணவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்யப்படவில்லை என்றால் போங்கள். சூலகத்துக்குள் சூல் வளரும் சிறு பையான சூல்பையின் வளர்ச்சியை ஸ்கேன் மூலம் கவனிக்காமல் ஒரே மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் தொடரச் சொன்னால் போங்கள். சூலகத்தில் சத்திரசிகிச்சை, கருப்பைக் கட்டி அகற்றல், சோதனைக்குழாய்க் கருக்கட்டல், வேறொருவரின் சூலைப் பெறுதல் என்று பெரிய முடிவு எதுவும் உங்கள் முன் வைக்கப்பட்டாலும் போங்கள். “உங்களுக்கு இனி வாய்ப்பில்லை” என்ற சொல்லை ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்துச் சொல்லியிருந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் சிகிச்சை தொடங்கி ஒன்றிரண்டு மாதமே ஆகியிருந்தால், பக்கத்து வீட்டார் வேறொரு பெயரைச் சொன்னார்கள் என்பதற்காக மாறிவிட வேண்டாம். சூல் வெளியேறச் செய்யும் மருந்து எதுவாயினும் அது பலன் தருகிறதா என்று அறியச் சில மாதங்கள் செல்லும். அடிக்கடி வைத்தியரை மாற்றும் தம்பதியர் எந்த ஒரு சிகிச்சையையும் முடிவுவரை பெறாமலே ஆண்டுகளை இழப்பதை நான் கண்டிருக்கிறேன்.

முதல் வைத்தியர் கோபிப்பாரோ என்ற அச்சம் நம்மூரில் பெரிது. அவரும் நம் அயலில் இருப்பவர், நாளைக்குப் பிரசவத்துக்கும் அவரிடமே போக வேண்டியிருக்கும் என்று எண்ணி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம். மரியாதையாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: “டொக்டர், உங்கள் சிகிச்சையைத் தொடர்கிறோம், பெரிய முடிவு என்பதால் இன்னொருவருடைய கருத்தையும் கேட்க வீட்டார் விரும்புகிறார்கள், ஒரு கடிதம் தருவீர்களா?” நல்ல வைத்தியர்கள் இதை அவமதிப்பாக எடுப்பதில்லை. அந்தக் கடிதம் கையில் இருந்தால் இரண்டாவது வைத்தியர் அரை மணித்தியாலத்தில் கேட்டறிய வேண்டியதை இரண்டு நிமிடத்தில் அறிந்துகொள்வார்.

வைத்தியக் கோவையை (பைலை) தயாரித்தல்

நமது வீடுகளில் வைத்தியத் துண்டுகள் அலுமாரியில் சேலை மடிப்புக்குள்ளும், பொலித்தீன் பையிலும், கணவனின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒரே நாளில் எடுத்துத் திகதி ஒழுங்கில் அடுக்குங்கள். பழையது மேலே, புதியது கீழே. கிளினிக் கொப்பி, விடுதியிலிருந்து வெளியேறும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் அறிக்கையுடன் அதன் படம், கருப்பைக்கும் குழாய்க்கும் சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே படம், வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா மூலம் பார்க்கும் லப்பரஸ்கொப்பி செய்திருந்தால் சத்திரசிகிச்சைக் குறிப்பு, வெட்டியெடுத்த கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். “குழாய் அடைபட்டிருக்கிறது” என்று யாரோ வாயால் சொன்னதைக் கொண்டு எந்த நிபுணரும் முடிவெடுக்க முடியாது. அந்தப் படத்தைத் தம் கண்ணால் பார்க்கவே விரும்புவார். வெப்பத்தாளில் அச்சிட்ட ஸ்கேன் படங்கள் நமது வெயிலுக்கு ஒன்றிரண்டு ஆண்டில் மங்கிவிடும் என்பதால் எடுத்த அன்றே கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், போட்டோக் கொப்பியைக் கொடுங்கள்.

கோவையின் முதற்பக்கத்தில் உங்கள் கையால் ஒரு தாள் எழுதி வையுங்கள். இருவரின் வயது, திருமணமான ஆண்டு, எத்தனை மாதமாக முயல்கிறீர்கள், வெளிநாட்டில் வேலை செய்ததால் பிரிந்திருந்த காலம் எவ்வளவு, முன்பு கருத்தரித்துக் கலைந்ததுண்டா என்பன அதில் வர வேண்டும். பிரிந்திருந்த காலத்தை மறக்காமல் எழுதுங்கள். கட்டாரிலோ சவூதியிலோ கணவன் வேலை செய்ய, ஐந்து ஆண்டுத் திருமண வாழ்வில் இருவரும் சேர்ந்திருந்தது எட்டு மாதம் மட்டுமே என்ற தம்பதியர் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நமது இரு மாவட்டத்திலும் பலர் உள்ளனர். அவர்களுக்கு “ஐந்து வருடமாகப் பிள்ளையில்லை” என்ற கணக்கில் சிகிச்சை தொடங்கினால் தேவையற்ற மருந்துகளே மிஞ்சும். கடைசி ஆறு மாதவிடாய்களின் முதல் நாள் திகதி, இதுவரை உட்கொண்ட மருந்துகளின் பெயர், அளவு, மாதம் ஆகியனவும் அந்தத் தாளில் இருக்கட்டும். பரிகாரியாரிடம் வாங்கிய சூரணம், லேகியம், எண்ணெய் எதையும் ஒளிக்க வேண்டாம். கோயிலுக்கு வைத்த நேர்த்தியையோ பள்ளிவாசலில் ஓதிப் பெற்ற தண்ணீரையோ வைத்தியருக்குச் சொல்லத் தேவையில்லை. வயிற்றுக்குள் போன மருந்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஓமோன் அறிக்கைகளை எடுத்த நாள்

ஒரு பெண்ணின் ஓமோன் அளவு மாதத்தின் ஒவ்வொரு வாரத்திலும் வேறுபடும். ஆகவே அறிக்கையிலுள்ள எண்ணின் பக்கத்தில், அந்த இரத்தம் மாதவிடாயின் எத்தனையாம் நாளில் (மாதவிடாய் தொடங்கிய நாளே முதலாம் நாள்) எடுக்கப்பட்டது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்துகொண்டு போனாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

சூலகத்தின் வேலையோடு தொடர்புள்ள ஓமோன்களான எவ்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்திரடயோல் ஆகியவற்றை மாதவிடாயின் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் எடுப்பது வழக்கம். சூல் வெளியேறியதா என்று அறியச் செய்யும் புரொஜெஸ்தரோன் பரிசோதனையில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. அதை 21 ஆம் நாளில் எடுக்க வேண்டும் என்பது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு உரிய கணக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுப்பதே அடிப்படை விதி என்பதால், 35 நாள் சுற்றுள்ளவர் 28 ஆம் நாளில் எடுக்க வேண்டும். அவர் 21 ஆம் நாளில் எடுத்தால் அளவு குறைவாகவே வரும். சூல் வெளியேறுவதே இல்லை என்ற தவறான முடிவு அவர் தலையில் விழும்.

புரோலக்டின் இன்னும் நுணுக்கமானது. பதற்றம், கடும் உடற்பயிற்சி ஆகியன அதைச் சற்று உயர்த்தும். வாந்திக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் நாம் கடையில் வாங்கிப் போடும் டொம்பெரிடோன் மாத்திரை நன்றாகவே உயர்த்தும். சில மனநல மருந்துகளும் அப்படியே. தைரொயிட் குறைவாகச் சுரந்தாலும் புரோலக்டின் கூடும் என்பதால் தைரொயிட்டின் நிலையைக் காட்டும் ரீ.எஸ்.எச். பரிசோதனையைப் பார்க்காமல் புரோலக்டினுக்கு மருந்து தொடங்கியிருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள். வாழைச்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் நின்றபடியே வந்து, மூச்சு வாங்கியவாறு கையை நீட்டி இரத்தம் கொடுப்பதைவிட, அரை மணித்தியாலம் அமைதியாக இருந்துவிட்டுக் கொடுப்பது நல்லது. எந்த அறிகுறியும் இல்லாமல் அளவு மட்டும் கூடியிருந்தால், உடலில் வேலை செய்யாத பெரிய மூலக்கூறு வடிவமான மக்ரோபுரோலக்டின்தான் கூடியிருக்கிறதா என்று சோதிக்கலாமா எனக் கேட்கலாம்.

முடி உதிர்வுக்காக எடுக்கும் பயோட்டின் மாத்திரை பல ஓமோன் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாக்கிவிடும். தைரொயிட் அறிக்கையில் இது நன்கு அறியப்பட்ட தொல்லை. இரத்தம் கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே வைத்தியரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள். சூலகத்தில் மிச்சமுள்ள சூல்களின் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அளவு, ஊசி மருந்து கொடுத்தால் எத்தனை சூல்கள் கிடைக்கலாம் என்று மதிப்பிட உதவுமே தவிர, ஒரு பெண் இயற்கையாகக் கருத்தரிப்பாளா என்பதைத் தனியாக நின்று தீர்மானிக்காது. கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் அது குறைந்தும் காட்டும். இதிலும் இரண்டு அலகுகள் உண்டு: மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 7 பிக்கோமோலுக்குச் சமம்.

“நீர்க்கட்டி” என்ற சொல்லால் நம் பெண்பிள்ளைகள் படும் பயம் அளவற்றது. ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற சிறிய சூல்பைகளே. வெட்டி அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. பி.சி.ஓ.எஸ். என்ற இந்தச் சூலகக் கோளாறு ஒருவருக்கு இருப்பதாக முடிவுகட்ட, ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஓமோன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைரொயிட், புரோலக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். வயதுவந்தவர்களில் ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். அளவையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2023 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் கூறுகிறது. பருவமடைந்து சில ஆண்டுகளே ஆன பிள்ளைக்கு ஸ்கேனை வைத்து இந்த முடிவைச் சொல்லக் கூடாது என்பதும் அதிலேயே உள்ளது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு வேறு தடை எதுவும் இல்லாதபோது, சூல் வெளியேறச் செய்ய லெட்ரோசோலையே முதல் மருந்தாக அது பரிந்துரைக்கிறது. நீங்கள் நீண்ட காலமாக, அதே நோக்கத்துக்குக் கொடுக்கப்படும் குளோமிபீன் மட்டுமே எடுத்து வந்திருந்தால், மாற்றலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

கணவனின் பங்கு

மட்டக்களப்புப் பக்கத்தில் திருமணத்துக்குப் பின் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழமை. ஆகவே கோயிலடியிலும் கலியாண வீட்டிலும் “என்ன மனே, இன்னும் ஒண்டுமில்லையா?” என்ற கேள்வி அந்தப் பெண்ணிடமும் அவள் தாயிடமுமே கேட்கப்படுகிறது. கணவனை யாரும் கேட்பதில்லை. அதனால் அவர் வைத்தியரிடமும் போவதில்லை. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், முழுமையாகவோ பகுதியாகவோ, ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவு குறைந்தது. மனைவியின் வயிற்றில் கத்தி வைப்பதற்கு முன் அதைச் செய்யாமல் விடுவது அநியாயம்.

அதற்கும் முறை உண்டு. இரண்டு முதல் ஏழு நாள்வரை உறவின்றி இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்திலேயே கொடுப்பது சிறந்தது. வீட்டில் எடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள், கூடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டமாவடியிலிருந்து மீன் கொண்டுபோவதுபோல் ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, பஸ் மாறி, ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஆய்வுகூடத்தில் கொடுத்தார். அசைவுள்ள விந்தணு மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை நம்பி ஓராண்டு கவலையில் கழித்தார். குளிரூட்டாமல், உடலின் சூடு பட சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகச் சொல்லி எவராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு மிச்சம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழெல்லை மில்லிலீற்றருக்கு 1.6 கோடி விந்தணு. அசைவுள்ளவை நூற்றுக்கு 42. வடிவம் சரியானவை நூற்றுக்கு 4. நூற்றுக்கு 4 என்றதும் பயந்துவிட வேண்டாம், நல்ல ஆரோக்கியமுள்ளவரிடமும் பெரும்பாலான அணுக்கள் வடிவம் பிசகியே இருக்கும். அறிக்கை குறைவாக வந்தால் மீண்டும் செய்ய வேண்டும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு செல்கிறது என்பதால், இரண்டு மாதத்துக்கு முன் டெங்குக் காய்ச்சல் வந்திருந்தால் அதன் தாக்கம் இன்றைய அறிக்கையில் தெரியும்; ஆகவே மூன்று மாத இடைவெளி விடுவது நல்லது. ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் தெஸ்தெஸ்தெரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். கணவன் அப்படி எதுவும் போட்டிருந்தால் மனைவிக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்டாலும் வைத்தியரிடம் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும்.

எங்கே, யாரிடம்

மாதவிடாய், சூல், குழாய் தொடர்பானவற்றுக்கு மகப்பேற்று மற்றும் பெண் நோயியல் நிபுணர்; தைரொயிட், புரோலக்டின், நீரிழிவு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தொடர்பானவற்றுக்கு அகஞ்சுரப்பியியல் நிபுணர்; விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ விதைப்பையின் இரத்தநாளம் புடைத்திருந்தாலோ சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர். உங்கள் பிரச்சினை ஓமோன் சார்ந்ததாயின் மூன்றாவது பெண் நோயியல் நிபுணரைத் தேடி அலைவதைவிட ஓர் அகஞ்சுரப்பியியல் நிபுணரை ஒருமுறை பார்ப்பது கூடுதல் பயன் தரும்.

செலவில்லாத வழியை முதலில் முயலுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் கேட்டால் எந்தக் கிளினிக்குக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்வார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை, கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை என அரச வைத்தியசாலைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. வெளியே போக வேண்டியிருந்தால் கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையும் உண்டு. அம்பாறைப் பக்கத்தார் மகியங்கனை ஊடாகக் கண்டிக்கும் பேராதனைக்கும் போவது இலகு. கடிதத்துடன் போங்கள். தனியாரில் சனல் செய்வதாயின், முதல் வைத்தியரோடு ஒரே சிகிச்சை நிலையத்தில் சேர்ந்து வேலை செய்யாத ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை கட்டாயம் கிடைக்கும் என்று உத்தரவாதம் தந்து பணம் கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு முழுக்கப் பயணம் செய்துபோய், உள்ளே ஏழு நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பும் பயணம் அது. அந்த ஏழு நிமிடத்துக்காக ஒரு தாளில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதுங்கள். என் சித்தியின் மகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தவை இவைதான்: “எங்களுக்கு இருக்கும் பிரச்சினையை ஒரு வரியில் என்னவென்று சொல்வீர்கள்? இதுவரை செய்த சிகிச்சையில் எதைத் தொடர வேண்டும், எதை விட வேண்டும்? இன்னும் எத்தனை மாதம் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்?” கணவனும் மனைவியும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். சிங்களம் தெரிந்த ஒருவர் தேவையானால், ஊர் முழுக்கக் கதை பரப்பாத ஒருவராகப் பார்த்து அழைத்துப் போங்கள். பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. உள்வழி ஸ்கேன் எதற்காக என்று கேட்டு, சம்மதித்த பின்பே செய்துகொள்ளுங்கள். புதிய பரிசோதனைகளை எழுதித் தந்தால், கோவையிலுள்ள எது போதாமல் போயிற்று என்று மரியாதையாகக் கேளுங்கள். பல வேளைகளில் பாதிப் பரிசோதனை குறைந்துவிடும்.

இடையில் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாகத் தைரொக்சினையும் புரோலக்டினுக்கான கபேர்கோலினையும் ஸ்டீரொயிட் மாத்திரையையும். போலிக் அமிலத்தையும் தொடருங்கள். மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தாலும், சூல் ஊசிக்குப் பின் வயிறு ஊதி மூச்சுத் திணறி சிறுநீர் குறைந்தாலும், புரோலக்டின் கூடியவருக்குத் தலைவலியுடன் பக்கப் பார்வை மங்கினாலும் அபிப்பிராயம் கேட்டுக் காத்திருக்கும் நேரமல்ல அது. 1990 இலவச அம்புலன்ஸை அழைத்து உடனே அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

இரு வைத்தியர்களும் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். நோய் என்னவென்பதில் வேறுபடுகிறார்களா, சிகிச்சையின் வேகத்தில் வேறுபடுகிறார்களா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒருவர் இன்னும் ஆறு மாதம் மாத்திரை என்றும் மற்றவர் இப்போதே சோதனைக்குழாய் முறை என்றும் சொன்னால், அது பெரும்பாலும் வேகத்தில் உள்ள வேறுபாடு. உங்கள் வயதையும் கையிருப்பையும் வைத்து நீங்களே முடிவெடுக்கலாம். நோயின் பெயரிலேயே வேறுபட்டால் எந்தப் பரிசோதனை அதைத் தீர்க்கும் என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது வைத்தியர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த கிளினிக் திகதியில் முதல் வைத்தியரிடம் கோவையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். என் சித்தியின் மகளுடைய கோவையில் இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகும் மாதவிடாய் நாளும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. கணவரின் முதலாவது விந்துப் பரிசோதனை அறிக்கை கடைசித் தாளாகச் சேர்ந்திருக்கிறது.